சீசருக்குச் சொந்தக்காரர் இல்லை

கால்வே
9 அக்டோபர் 1977

அன்புள்ள அண்ணன் மாலக்கிக்கு,

நான் இங்கே சுகம். அம்மாவின் நெஞ்சுப் படபடப்பு எப்படி இருக்கிறது? மாத்திரையை நீ பக்கத்தில் நின்று விழுங்கவை. விட்டால் பூனைக்குப் போட்டுவிடுவாள்.

இரண்டாம் ஆண்டு தொடங்கிவிட்டது. போன வருடம் அவர்கள் பரிமாறிய பாடத்தைச் சாப்பிட்டோம், இந்த வருடம் நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். வரலாறு என்றால் ராஜா, சண்டை, தேதி என்றுதானே நம் பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொன்னார்கள்? இங்கே வந்து பார். ரோமாபுரிக்கு ஒருவர், துறவிமடங்களுக்கு ஒருவர், வைக்கிங் கொள்ளைக்காரர்களுக்கு ஒருவர். நெப்போலியன், ரஷ்யப் புரட்சி, அமெரிக்க அடிமைகள், ஐரோப்பாவைத் தின்ற கொள்ளைநோய் என்று ஆளுக்கொரு கடை விரித்திருக்கிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு வாரம் தூங்கவில்லை.

ரோமாபுரி என்று ஏறக்குறைய முடிவு செய்திருந்தேன். அப்புறம் ஹெஷன் என்ற இளம் ஆசிரியரின் 'நிலமும் மக்களும்' வகுப்பில் எட்டிப் பார்த்தேன், ஒட்டிக்கொண்டேன். வருடக் கடைசியில் ஒவ்வொருவரும் சொந்த ஊரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதவேண்டும். எந்த வயலுக்கு என்ன பேர், யார் உழுதார்கள், யார் போனார்கள், யார் வந்தார்கள்.

உன்னிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நம் ஆற்று வயலுக்குப் பழைய பேர் ஏதாவது உண்டா? நமக்கு முன் அது யாரிடம் இருந்தது? அதன் நடுவில் கிடக்கிற தட்டைக் கல்லைச் சுற்றியே ஏன் உழுகிறோம்? நான் அதன்மேல் மண்சோறு ஆக்கி விளையாடுவேனே, அந்தக் கல்தான்.

அம்மாவுக்கு என் முத்தம்.

உன் தங்கை,
அட்ராக்டா


கரவோனா, மேயோ
20 அக்டோபர் 1977

அன்புத் தங்கைக்கு,

கடவுள் கருணையால் இங்கே மாடும் மனிதரும் நலம். அம்மா மாத்திரை சாப்பிடுகிறாள். மழை ஓயவில்லை.

உன் கடிதத்தைப் படித்தேன். அந்த ஹெஷன் யார், எந்த ஊர், அவனுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று விசாரித்தாயா? விவசாயிக்கு வருமான வரி போடவேண்டும் என்று டப்ளினில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் ஒரு வாத்தியார், ஊருக்கு ஊர் பிள்ளைகளை அனுப்பி எவன் எவ்வளவு நிலம் வைத்திருக்கிறான் என்று கேட்கச் சொல்கிறான். நரி கோழிக்கூட்டின் அளவைக் கேட்டால், அது தச்சுவேலை கற்றுக்கொள்ள அல்ல.

ஆற்று வயலுக்குப் பேர் ஆற்று வயல். பக்கத்தில் ஆறு இருக்கிறது. கல் பெரிய கல், கலப்பை உடையும், அதனால் சுற்றி உழுகிறோம். இதற்குக் கல்லூரி எதற்கு?

நீ சீசரை எடுத்துக்கொள். நல்ல பாடம். செத்து இரண்டாயிரம் வருடமாகிறது, அவருடைய சொந்தக்காரர் யாரும் நம் சந்தையில் மாடு விற்பதில்லை. வைக்கிங்கும் மோசமில்லை. நெப்போலியனைப் பற்றி எனக்கே கொஞ்சம் தெரியும். வேண்டுமானால் எழுதுகிறேன்.

லாஃப்டஸ் வீட்டுப் பையன் ஃபின்டன் அங்கேதான் இஞ்சினியர் படிப்பு படிக்கிறானாம். உன்னிடம் பேசுகிறானா? என்ன பேசுகிறான்?

குளிரில் தலையை மூடிக்கொண்டு போ.

உன் அண்ணன்,
மாலக்கி


கால்வே
3 நவம்பர் 1977

அன்புள்ள அண்ணனுக்கு,

வெண்ணெய், பன்றித் தொடை, கம்பளிக் காலுறை எல்லாம் வந்து சேர்ந்தன. அம்மாவும் நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். ஆனால் நெப்போலியனைப் பற்றி எழுதித் தருகிறேன் என்கிற ஆள் என் அண்ணன்தானா? உன் கடிதம் எப்போதும் 'மாடு நலம், மழை, மாலக்கி' என்று நாலு வார்த்தைதான் இருக்கும். இம்முறை பக்கம் நிரம்பியிருக்கிறது, அதில் நான் கேட்ட எதற்கும் பதில் இல்லை.

ஃபின்டன் பேசுகிறான். பேருந்து நிறுத்தத்தில் பார்த்தோம். நம் வீட்டுக்கு ஒரு வண்டி நிறைய நாற்காலி வந்து இறங்கியதாம், அடுப்படிக்கு வெள்ளையடிக்கிறார்களாம், சொன்னான். நவம்பர் மழையில் யாராவது வெள்ளையடிப்பார்களா? உனக்குக் கல்யாணமா? அதுவாக இருந்தால் சொல்லியிருப்பாய். வயலை விற்கப் போகிறாயா? வாங்குகிறவர்கள் வந்து உட்கார நாற்காலியா?

அப்பா உயில் எழுதாமல் போனார். நானும் ஒன்றும் கேட்டதில்லை. கேட்கப் போவதுமில்லை. ஆனால் என்னிடம் மறைத்து விற்றால் மனசு விட்டுப்போகும். அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அம்மாவைத் தனியாகக் கிணற்றுக்கு அனுப்பாதே.

அட்ராக்டா


கரவோனா
14 நவம்பர் 1977

தங்கைக்கு,

எல்லோரும் சுகம். பழைய நாற்காலி உடைந்தது, ஏலத்தில் மலிவாக வந்தது, வாங்கினேன். எதையும் விற்கவில்லை. லாஃப்டஸ் பையனுக்கு நம் வீட்டு நாற்காலியை எண்ணுகிற வேலை எதற்கு என்று நீயும் யோசித்துப் பார்.

சீசரை எடுத்தாயா?

மாலக்கி


கால்வே
1 டிசம்பர் 1977

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு நலமாகத்தான் இருக்கிறது. மனசு சரியில்லை. அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டாதே.

செவ்வாய்க்கிழமை ஹெஷன் நூறு வருடத்துக்கு முந்தைய நிலப்போர்க் காலத்தைப் பற்றி நடத்தினார். குத்தகை கட்ட முடியாத குடியானவனைப் பிரபு வீட்டைவிட்டுத் துரத்துவான். ஊர் மொத்தமும் அந்த நிலத்தைத் தொடாது. ஆனால் எங்காவது ஒருவன் தொட்டுவிடுவான். அவனை ஊர் என்ன செய்தது என்று சொன்னார். அவன்மேல் யாரும் கைவைக்கமாட்டார்கள். கொல்லன் அவன் குதிரைக்கு லாடம் அடிக்கமாட்டான். புல் அறுப்புக்கு ஒரு ஆள் வராது. கோவிலில் அவன் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். பங்குச் சாமியார் முறை வைத்து வீடுவீடாக வந்து ஊரைக் கூட்டி நடத்தும் வீட்டுப்பூசை அவன் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பக்கத்தில் இருந்த பெண் அதைக் கேட்டுச் சிரித்தாள். எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பேனா ஓடவில்லை அண்ணா. அவர் நம் வீட்டைப் பற்றித்தானே சொல்லிக்கொண்டிருந்தார்?

ஊரே ஒருவர் வயலில் ஒருவர் கூடி அறுக்கும்போது, நாம் நாலு பேர் மட்டும் இருட்டும்வரை புல்லைக் குவிப்போம். நாம் ரோஷக்காரர்கள், யார் தயவும் வேண்டாம் என்பார் அப்பா. நான் அதைப் பெருமையாக நம்பினேன். கோவிலில் நம் பெஞ்சில் எப்போதும் இடம் இருக்கும். பிரசங்கம் நீண்டால் நான் காலை நீட்டிப் படுத்துத் தூங்குவேன். மற்றப் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, நமக்கு மட்டும் அந்தச் சௌகரியம் என்று நினைத்திருக்கிறேன்.

வீட்டுப்பூசை டர்கன் வீட்டுக்கு வரும், அடுத்தது லாஃப்டஸ் வீட்டுக்கு. இரண்டுக்கும் நடுவில்தானே நாம் இருக்கிறோம்? நம் கூரை தாழ்வு, சாமியாருக்குத் தலை இடிக்கும் என்று அப்பா சொல்வார். இப்போதைய சாமியார் என் தோள் உயரம்கூட இல்லை.

இனி ஒரே கேள்விதான். ஆற்று வயலில் நமக்கு முன் யார் இருந்தார்கள்? நீ சொல்லமாட்டாய் என்று தெரியும். அதனால் லாஃப்டஸ் வீட்டுச் சபினா அம்மாவுக்கே எழுதிக் கேட்டுவிட்டேன், அந்த வயலின் பழைய பேர் என்ன என்று. ஊரில் அவர்தான் எல்லோரையும்விட மூத்தவர்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன்.

அட்ராக்டா


கரவோனா
8 டிசம்பர் 1977

அட்ராக்டாவுக்கு,

அம்மா சுகமாக இருந்தாள், உன் கடிதம் வரும்வரை. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

பதில் எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்துவிட்டது. பிறகு அதை என் வாயால் கேட்டு உனக்கு என்ன ஆகவேண்டும்? சாகும்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னவகிட்ட சொல்லாதடா. அவ எப்படியும் வெளிய போறவ. அவ தலையிலயும் இந்த மூட்டையை ஏத்தாத" என்றார். ஏற்றவில்லை. நீயாகப் போய் இறக்கி, அவிழ்த்து, நடுத்தெருவில் விரித்துவிட்டாய்.

நாற்காலி எதற்கு என்று கேட்டாயே, கேட்டுக்கொள். ஏப்ரலில் நம் வீட்டில் வீட்டுப்பூசை. புதுச் சாமியார் ஒப்புக்கொண்டார். இரண்டு வருடமாக அவர் பின்னால் அலைந்தேன். அம்மா கல்யாணமாகி வந்த வருடம் ரோஜாப்பூப் போட்ட கோப்பைகளை வாங்கி அலமாரியில் வைத்தாளே, அவை வீட்டுப்பூசைக்கு வருகிறவர்கள் குடிப்பதற்கு. இன்றுவரை ஒருவர் வாய் அதில் பட்டதில்லை. அடுத்த குளிர்காலத்தைப் பற்றி நான் பேச்செடுத்தால் டாக்டர் சன்னலைப் பார்க்கிறார். இந்த ஏப்ரலை விட்டால் அம்மாவுக்கு வேறு ஏப்ரல் கிடையாது. இது போதுமா?

லாஃப்டஸ் வீடு வந்தால் ஊர் வரும். அவர்கள் வராவிட்டால் சாமியாரும் நாங்கள் இருவரும் அந்த நாற்காலிகளும்தான். பார்ட்லி லாஃப்டஸ் போன வருடத்திலிருந்து எதிரே வந்தால் டிராக்டர் ஸ்டீரிங்கிலிருந்து வணக்கமாக ஒரு விரலைத் தூக்க ஆரம்பித்திருந்தான். ஒரு விரல்தான். அதற்கே நான் அன்றெல்லாம் சந்தோஷமாக இருப்பேன். உன் கடிதம் அவன் அத்தை சபினாவுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் எதிரே வந்தான். இரண்டு கையும் ஸ்டீரிங்கில். நம் கில்வாரி வீட்டார் வயலை விற்கப் போகிறார்கள், அதற்குமுன் ஆழம் பார்க்கிறார்கள் என்று கடையில் பேச்சாம்.

வயலை இழந்த அந்த வீட்டாரிடமே போய் அதன் பேரைக் கேட்பதா? படித்தவள் அல்லவா நீ?

கிறிஸ்துமஸுக்கு வா. வந்து ஒன்றும் பேசாதே.

மாலக்கி


கால்வே
16 ஜனவரி 1978

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். அம்மா இளைத்துவிட்டாள். நான் இருந்த நாளெல்லாம் நீ மாட்டுக்கொட்டகையிலேயே குடியிருந்தாய். பேசாதே என்றாய், பேசவில்லை.

இன்று காலை ஹெஷனைப் பார்த்துப் பாடத்தை மாற்றிக்கொண்டேன். காரணம் கேட்டார். ஊரில் தகவல் கிடைக்கவில்லை என்றேன். "தகவல் இல்லாத ஊரை நான் இன்னும் பாக்கலை" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இப்போது நான் ரோமாபுரியில் இருக்கிறேன். உன் ஆசைப்படி சீசரேதான்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், கோபப்பட்டால் படு. வீட்டுப்பூசை அம்மாவுக்காக என்கிறாய். நம்புகிறேன். ஆனால் சாமியாரைக் கொண்டுவந்து புனித நீர் தெளித்துவிட்டால், நாம் செய்ததைச் சொல்லாமலே கழுவிவிடலாம் என்றும் உனக்குள் ஒரு கணக்கு இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். இல்லை என்று எழுது, மன்னிப்புக் கேட்கிறேன்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

அட்ராக்டா


கரவோனா
11 பிப்ரவரி 1978

கில்வாரி வீட்டுப் பெண்ணுக்கு,

உன் கடிதம் கிடைத்துக் குளிர்காலமே போய்விட்டது. பதில் எழுதக்கூடாது என்று என் தம்பி மகன் பார்ட்லி சொன்னான். எனக்கு எண்பது தாண்டிவிட்டது, யார் பேச்சையும் கேட்கிற வயது இல்லை. நான் நலம். உன் தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டேன்.

எதற்காகக் கேட்கிறாய்? விற்கிறதற்கா? கல்லூரிக்கு என்று எழுதியிருக்கிறாய். கல்லூரியில் இதையெல்லாமா கற்றுக்கொடுக்கிறார்கள்? எங்கள் ஃபின்டனைக் கேட்டேன், ஆமாம் என்கிறான். அவனையும் முழுதாக நம்பமுடியாது, உன்னைப் பற்றிப் பேசினால் காது சிவக்கிறது.

வயலுக்குப் பேர் உண்டு. அதை நான் காகிதத்தில் எழுதமாட்டேன். பிரபு அந்த நிலத்தை உங்கள் வீட்டுக்குக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து என்ன ஆனது என்று, அங்கிருந்து துரத்தப்பட்ட என் பாட்டி கண்டிருக்கிறாள்.

உன்னை ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். நடுவில் ஒரு தட்டைக் கல் இருந்தது. அது இன்னும் இருக்கிறதா? உடைத்து வேலிக்கு வைத்துவிட்டார்கள் என்று என் தகப்பனார் சொல்லிக்கொண்டே செத்தார். எங்கள் வேலியிலிருந்து பார்த்தால் புல்தான் தெரிகிறது.

சபினா லாஃப்டஸ்


கால்வே
20 பிப்ரவரி 1978

மதிப்பிற்குரிய சபினா அம்மாவுக்கு,

நீங்கள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. என் தாயாரை விசாரித்ததற்கு நன்றி.

கல் இருக்கிறது. யாரும் உடைக்கவில்லை. என் அப்பா அதை அசைக்க விட்டதில்லை, அண்ணன் இன்றும் சுற்றித்தான் உழுகிறான். ஒரு பக்கம் கரி பிடித்ததுபோலக் கறுப்பாக இருக்கும். அது ஒரு வீட்டின் அடுப்புக்கல் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. சிறு வயதில் அதன்மேல் உட்கார்ந்து மண்சோறு ஆக்கி விளையாடியிருக்கிறேன். தெரியாமல் செய்தது. மன்னியுங்கள்.

வயலை விற்கவில்லை. கட்டுரையும் எழுதவில்லை, பாடத்தை மாற்றிவிட்டேன். ஆகவே பேரை எனக்கு நீங்கள் சொல்லவேண்டாம். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்றை நான் சொல்லவேண்டும். உங்கள் பாட்டியைத் துரத்திய நிலத்தை எங்கள் கொள்ளுத்தாத்தா எடுத்துக்கொண்டார். எடுத்திருக்கக்கூடாது.

இதை எழுதியது என் அண்ணனுக்குத் தெரியாது.

பணிவுடன்,
அட்ராக்டா கில்வாரி


கரவோனா
28 மார்ச் 1978

தங்கைக்கு,

அம்மா படுக்கையும் எழுவதுமாக இருக்கிறாள். வெள்ளையடித்து முடிந்தது. உன் ஜனவரிக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், மூன்று தாள் கிழித்தேன். இல்லை என்று எழுத வரவில்லை.

வீட்டுப்பூசைக்கு நீ வராதே. உன்னைப் பார்த்தால் அவர்களுக்கு எல்லாம் ஞாபகம் வரும். அம்மாவிடம் பரீட்சை என்று சொல்லிவிட்டேன்.

பார்ட்லியின் விரல் இன்னும் எழவில்லை.

மாலக்கி


கரவோனா
14 ஏப்ரல் 1978

அன்புத் தங்கை அட்ராக்டாவுக்கு,

அம்மா தூங்குகிறாள். நல்ல தூக்கம். நேற்று வீட்டுப்பூசை நடந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாமியார் எட்டு மணிக்கே வந்துவிட்டார். டர்கன் வீட்டார் வந்தார்கள். பின்னால் இன்னும் சிலர் வந்து, உட்காராமல் சுவரோடு ஒட்டி நின்றார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரும் சாலையையே பார்த்தோம். அம்மா தன் கருப்பு உடையில், கோப்பைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இனி காத்திருக்க முடியாது என்று சாமியார் பூசை உடுப்பை மாட்டினார். அப்போதுதான் பார்ட்லியின் வண்டி வந்தது.

சபினா இறங்கினாள். ஆனால் நம் வாசலுக்கு வரவில்லை. பார்ட்லியின் கையைப் பிடித்துக்கொண்டு வேலிப் படலைத் திறந்து ஆற்று வயலுக்குள் போனாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றே நினைத்தேன். சன்னல் வழியே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கல்லுக்குப் போய், குனிந்து, கையுறையைக் கழற்றி அதைத் தடவினாள். பிறகு சேறு அப்பிய செருப்போடு நேரே உள்ளே வந்து, முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவரில் ஒட்டியிருந்தவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

பூசை முடிந்து அம்மா கோப்பைகளில் தேநீர் ஊற்றினாள். யாரும் தொடவில்லை. சபினாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சபினா பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். நீ இரண்டாவது ஒன்று எழுதியது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"இதை ஒரு பொம்பளப்பிள்ள எழுதிட்டா. ஆம்பள நீ சொல்லுவியா?" என்று கேட்டாள்.

ஊரே இருக்கிறது, சாமியார் இருக்கிறார், அம்மா என்னையே பார்க்கிறாள். உன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் சொன்னேன்.

"எடுத்தது நாங்கதான். தப்புதான்."

"எடுத்த உன் கொள்ளுத்தாத்தா பேரும் மாலக்கி கில்வாரி. போன என் பாட்டி பேரும் சபினா லாஃப்டஸ். அந்தப் பேருங்க ரெண்டும் இன்னிக்கு இந்த அடுப்படியில உக்காந்திருக்கு" என்றாள் அவள். "அந்த வயலு அடுப்படி வயலு. எங்கப்பா பொறந்த அடுப்பு அது. உன் தங்கச்சி எழுதட்டும். ரெண்டு பேரையும் போட்டு எழுதட்டும்."

"எழுதுவா" என்றேன்.

அப்புறம் அவள் கோப்பையைக் கையில் எடுத்து, பூவைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சர்க்கரை கேட்டாள். அம்மா சர்க்கரைப் பாத்திரத்தை நீட்டும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். பார்ட்லி நாலு முட்டை சாப்பிட்டான். கோப்பைகளை இன்று காலை அம்மாவே கழுவினாள், என்னைத் தொடவிடவில்லை.

உன் சந்தேகம் சரிதான். சொல்லாமல் கழுவத்தான் பார்த்தேன்.

ஆகவே நீ நாளைக்கே போய் அந்த ஹெஷனின் காலில் விழுந்தாவது உன் பழைய பாடத்தை வாங்கு. சீசரை விட்டுவிடு. அவரைப் பற்றி எழுத உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. வரிக்காரன் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், சீக்கிரம் வா. இங்கே வேறு விசேஷமில்லை, மாடுகள் நலம். மழை விட்டிருக்கிறது. திங்கட்கிழமை அடுப்படி வயலில் உருளைக்கிழங்கு நடுகிறேன், பார்ட்லி கைகொடுக்க வருகிறேன் என்றிருக்கிறான்.

உன் அண்ணன்,
மாலக்கி